பாரம் குறைந்த கணினி: படிப்புக்கும் பயணத்துக்கும் எது பொருத்தம்?



இந்நாட்டிற்கு வந்து சேரும் எம்மவர் குடும்பங்கள் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வாங்கும் பொருட்களை எண்ணிப் பார்த்தால், மெத்தை, குளிர்காலச் சப்பாத்து, ரைஸ் குக்கர், கைத்தொலைபேசி என்று ஒரு வரிசை வரும். இப்போது அந்த வரிசையில் ரப்லெற் என்று சொல்லப்படும் பலகைக் கணினியும் சேர்ந்துவிட்டது. பல வீடுகளில் பிள்ளை அழுதால் கையில் கொடுப்பதற்கென்றே அது வாங்கப்படுகிறது. வேலைக்குப் போகும் பெரியவர்கள் ஆங்கிலம் படிப்பதற்கும், இங்கு வளரும் பிள்ளைகள் தமிழ் படிப்பதற்கும், தூரப் பயணத்திற்கும் அது எவ்வளவு உதவும் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

நான் கணினி படித்தவன் அல்லன். கிளிநொச்சியில் சாதாரண தரப் பரீட்சை எழுதி, உயர்தரம் தொடங்கிய காலத்தில் 2008ஆம் ஆண்டு இடப்பெயர்வு வந்தது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது அஜின்கோர்ட்டில், ஷெப்பர்ட் வீதிக்குக் கிட்ட ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். நான் பிளாஸ்ரிக் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். மனைவிக்குப் பகலில் வேலை. மகளுக்கு எட்டு வயது. ஆகவே இது ஒரு தொழிலாளியின் கணக்கு என்று எடுத்துக்கொண்டு வாசிக்கவும்.

முதலில், ஆங்கிலம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வேலைத்தலத்தில் மெஷின் துப்புரவாக்கும் திராவகம் ஒன்று இருக்கிறது. கனடாவில் இப்படியான பொருட்களுக்கு அபாய அடையாளமும் விளக்கமும் ஒட்டப்பட வேண்டும் என்ற விதி 1988ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. விம்ஸ் என்று அதைச் சொல்வார்கள். 2015இல் அது உலகப் பொது முறையோடு இணைக்கப்பட்டது. சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரத்திற்குள் ஒரு கையின் மேல் திரவம் ஊற்றுவது போலப் படம் இருந்தால், அது தோலை அரிக்கும் என்று பொருள். என்னோடு வேலை செய்த ஒருவர் அந்தப் படத்தைக் கை கழுவும் திரவம் என்று எண்ணிவிட்டார். கீழே எழுதியிருந்த ‘கொரோசிவ்’ என்ற சொல் அவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாது. இரண்டு விரல்கள் வெந்து, மூன்று கிழமை அவருக்கு வேலை இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, கடைத்தெருவில் சமாளிக்கும் ஆங்கிலம் வேறு, வாசித்து விளங்கும் ஆங்கிலம் வேறு என்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு மாறினால் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கு மேல் கூடக் கிடைக்கும். ஆனால் அதற்கும் எழுத்துப் பரீட்சை இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தகவல். 1992இல் தொடங்கப்பட்ட லிங்க் வகுப்புகள் இன்றும் இலவசமாக நடக்கின்றன. நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் அதில் சேரலாம். வழக்கு முடியாமல் காத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் உதவியோடு கல்விச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளில் அவர்களுக்கு இடம் உண்டு. பிற்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, 18 முதல் 54 வயது வரையானவர்கள் கேட்பதிலும் பேசுவதிலும் நாலாம் நிலையைக் காட்ட வேண்டும். லிங்க் வகுப்பில் கிடைக்கும் அந்த நிலைச் சான்றிதழும் அதற்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

வகுப்பில் சேர்ந்த பின்னர்தான் நேரப் பிரச்சினை தெரிந்தது. இரவு வேலை செய்பவனுக்கு வீட்டில் படிக்க நேரம் இல்லை. பகலில் படுக்க வேண்டும், பின்னேரம் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஷெப்பர்ட் கிழக்கு 85ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, இன்னொரு பஸ் மாறி வேலைக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் செல்லும். திரும்பி வரவும் அப்படியே. ஒரு நாளைக்கு நூறு நிமிடம், ஐந்து நாளில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல். பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு எட்டு மணித்தியாலம் ஒரு பாடத்துக்குக் கிடைத்திருந்தால் பெரிய விஷயம் அல்லவா! அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் ரப்லெற் யோசனை வந்தது. தொலைபேசியின் சின்னத் திரையில் பாடப் பக்கத்தை வாசித்தால், வேலை முடிந்து வரும்போது கண் எரிகிறது. மடிக்கணினியை நெருக்கமான பஸ்ஸில் விரிக்க இடம் இல்லை.

வாங்குவதற்கு 300 டொலர் ஒதுக்கினோம். அதற்குள் வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“இஞ்சருங்கோ, பிள்ளையும் அதிலதான் தமிழ் படிக்கப் போறாள். எழுத்துப் பெரிசாத் தெரிய வேணும். சின்னனை வாங்கிப் போட்டுப் பிறகு கண் நோகுது எண்டு ரெண்டு பேரும் நிக்கக் கூடாது” என்றார் மனைவி.

“பெரிசு எண்டால் பஸ்ஸில ஒரு கையால பிடிக்கேலாது. மற்றக் கை கம்பியில எல்லோ இருக்கும்” என்றேன் நான்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆகவே நிறையையும் திரையையும் எழுதி வைத்து ஒப்பிட்டோம். 2010இல் வந்த முதலாவது ஐபாட் 680 கிராம். 2012இல் வந்த ஐபாட் மினி 308 கிராம். 2024இல் வந்த மினி 293 கிராம். 2025இல் வந்த சாதாரண ஐபாட் 477 கிராம். 2023இல் வந்த சாம்சுங் கலக்ஸி ரப் ஏ9 என்பது 8.7 அங்குலத் திரையோடு 332 கிராம். அதன் பெரிய வடிவமான ஏ9 பிளஸ் 11 அங்குலத் திரையோடு 480 கிராம். தாளில் பார்த்தால் 150 கிராம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வீட்டில் 500 கிராம் பருப்புப் பைக்கற் ஒன்றை ஒரு கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள், விளங்கிவிடும். அதோடு உறையின் நிறையையும் கூட்ட வேண்டும். பிள்ளைகளுக்கென்று விற்கும் தடித்த றப்பர் உறை போட்டால், பாரம் குறைந்தது என்று வாங்கிய கணினி பாரமாகிவிடும்.

மலிவாக வாங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவில் நடந்த ஒரு கதை பாடமாக இருக்கும். மாணவர்களுக்கு மிகக் குறைந்த விலையில் பலகைக் கணினி கொடுக்கும் நோக்கத்தோடு, 2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் திகதி ‘ஆகாஷ்’ என்ற கருவி புது டில்லியில் வெளியிடப்பட்டது. அதைச் செய்த டேட்டாவின்ட் நிறுவனம் எங்கள் கனடாவின் மொன்றியல் நகரில் தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. நோக்கம் நல்லது. ஆனால் அதன் மூளை 366 மெகாஹேர்ட்ஸ் வேகம்தான், நினைவு 256 எம்பிதான். திரை, விரலால் அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகை. பற்றரியும் நீண்ட நேரம் நிற்கவில்லை. மாணவர்கள் முறையிட்டார்கள். 2012 நவம்பரில் வந்த இரண்டாவது ஆகாஷில் திரையும் வேகமும் மாற்றப்பட்டன. விலை குறைந்த கருவியை வாங்குவதில் குற்றம் இல்லை. ஆனால் திரை விரலுக்கு உடனே பதில் சொல்கிறதா, பற்றரி ஒரு நாள் நிற்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் வாங்கினால், அது அலுமாரிக்குள்தான் போகும்.

அடுத்தது தமிழ். எம்மவருக்கு இது முக்கியம். முன்பு கணினியில் தமிழ் எழுதுவதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் மத்தியில் பாமினி பரவலாக இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். இன்றைக்கும் மகளின் தமிழ் வகுப்பிலிருந்து பாமினியில் அடித்த வீட்டுப்பாடம் வரும்போது இந்தத் தொல்லை உண்டு. பி.டி.எஃப் ஆக மாற்றி அனுப்பச் சொன்னால் எதிலும் சரியாகத் தெரியும். யுனிகோட் முறையில் எழுதியது எந்தக் கருவியிலும் அப்படியே தெரியும். தட்டச்சுக்கும் இப்போது கவலை இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு முயற்சியின் பலனாக, 2013 முதல் ஐபாட்டில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது. அன்ட்ரொயிட் கருவிகளில் கூகிளின் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் வாயால் சொல்லித் தமிழில் எழுதும் வசதி 2017இல் வந்தது. மொழித் தெரிவில் இலங்கைத் தமிழ் என்றே தனியாக இருக்கிறது. நாங்கள் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் சில சொற்களைப் பிழையாக எழுதும், ஆனாலும் எழுதும்.

கடையில் வைத்தே ஐந்து நிமிடத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அமைப்புப் பகுதியில் தமிழ் விசைப்பலகையைத் தெரிவு செய்து, உங்கள் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதிப் பாருங்கள். எழுதும்போது இழுபட்டால் அதை விட்டுவிடுங்கள். வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அமேசனின் ஃபயர் கருவிகள் விலை குறைவு, பிள்ளைகளுக்குக் கதை பார்க்கப் போதும். ஆனால் அவற்றில் கூகிளின் செயலிக் கடை இல்லை. வகுப்பில் சொல்லும் செயலி அதில் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் படிப்பதற்கென்றால் இணையத்தை நம்பக் கூடாது. ரப்லெற்றுக்குத் தனிச் சிம் போட்டால் மாதாமாதம் ஒரு கட்டணம் வரும். நான் ஒரு கடைக்குப் போனபோது, விற்பனை செய்தவர் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு ‘இலவசமாக’ ஒன்று தருவதாகச் சொன்னார். மாதத் தொகையை இருபத்துநாலால் பெருக்கிப் பார்த்தேன். 300 டொலருக்கு மேல் போயிற்று. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வைபை மட்டும் உள்ளதே போதும். வீட்டிலோ நூலகத்திலோ பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு வழியில் படிக்கலாம். அவசரமென்றால் தொலைபேசியிலிருந்து இணைப்பைப் பகிரலாம்.

நூலகம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொனிஸ் அவெனியூவில் இருக்கும் அஜின்கோர்ட் கிளைக்கு இன்னும் போகாதவர்கள் இந்தக் கிழமையே போங்கள். ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு நூலக அட்டை இலவசம். உள்ளே வைபையும் இலவசம். அந்த அட்டை இருந்தால் லிபி என்ற செயலியில் ஆங்கிலப் புத்தகங்களையும், வாசித்துச் சொல்லும் ஒலிப் புத்தகங்களையும் காசில்லாமல் இரவல் எடுக்கலாம். நான் சிறுவர் புத்தகத்தில்தான் தொடங்கினேன். ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டே எழுத்தைக் கண்ணால் தொடர்ந்தால், சொல்லை எப்படி உச்சரிப்பது என்பது தானாக வருகிறது. தமிழுக்கு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், 2005 முதல் எங்கள் நாட்டு நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் தளத்திலும் இலவசமாக வாசிக்க நிறைய உண்டு. ஊரில் எரிந்தும் தொலைந்தும் போன எத்தனையோ புத்தகங்களுக்கு நடுவே, தப்பியவற்றைப் பிள்ளைக்குக் காட்ட முடிகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

கடைசியில் நாங்கள் 8.7 அங்குலத் திரை உள்ள சாம்சுங்கை வாங்கினோம். உறையும் 13 வீத வரியுமாக 260 டொலருக்குள் முடிந்தது. ஐபாட் மினி இன்னும் பாரம் குறைவு, வேகமும் கூட. ஆனால் வரிக்கு முன்பே 600 டொலரைத் தாண்டுகிறது. எங்கள் சாமானில் மேலதிக நினைவு அட்டை போடும் துவாரம் இருப்பதால், பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் கூடுதலாக வைக்கலாம். ஐபாட்டில் அந்த வசதி இல்லை. மனைவியின் கவலைக்கு எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்தோம். பிள்ளை அதை மேசையில் நிறுத்தி வாசிக்கிறாள், நான் பஸ்ஸில் ஒரு கையில் பிடித்து வாசிக்கிறேன்.

பழையது வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: காசு கொடுப்பதற்கு முன், விற்பவர் தன் கணக்கை அதிலிருந்து முற்றாக நீக்கி, உங்கள் கண் முன்னே புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். முந்தியவரின் கணக்கு உள்ளே இருந்தால் அது பூட்டிக்கொள்ளும், பிறகு எவராலும் திறக்க முடியாது. புதிய மென்பொருள் இன்னும் அதற்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வராவிட்டால் கொஞ்சக் காலத்தில் செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும்.

பயணத்துக்கு அது எப்படி உதவியது என்பதையும் சொல்கிறேன். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கனடா கொடுக்கும் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ அந்த நாட்டுக்குப் போக முடியாது. அம்மாவைப் பார்த்து வருடக் கணக்காகிவிட்டது. கடந்த தை மாதம் நாங்கள் திருச்சிக்குப் போனோம். அம்மா பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்திலும், அங்கிருந்து ரயிலிலும் வந்து சேர்ந்தார். மூன்று கிழமை ஒரு வாடகை வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்.

போவதற்கு முன் பயணப் பத்திரம், விசா, ரிக்கற், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் பிடித்து ரப்லெற்றில் வைத்தேன். மூலப் பத்திரங்கள் கையில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஏதும் தொலைந்தால் இலக்கமாவது இருக்கும். இப்படி வைப்பவர்கள் கட்டாயம் திரைக்கு இரகசிய எண் போட வேண்டும். சார்ஜரின் உடம்பில் 100 முதல் 240 வோல்ற் என்று எழுதியிருந்தால் இந்தியாவின் 230 வோல்ற்றில் பயமின்றிக் குத்தலாம். முள் மாறுவதற்கு ஒரு சின்ன அடப்ரர் மட்டும் போதும். பவர் பாங்கைப் பெட்டிக்குள் வைத்து ஏற்றக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பொதுவாக 100 வற்-மணி வரை அனுமதி. 20,000 எம்.ஏ.எச் என்று எழுதியிருப்பது சாதாரணமாக 74 வற்-மணி வரும். ஆகவே அது சரி.

எனக்கு உள்ளுக்குள் இருந்த பெரிய பயம் விசாவும் சாமானும் அல்ல. மகள் இங்கு பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். தொலைபேசியில் அம்மா ஒவ்வொரு முறையும், “பிள்ளை என்ன சொல்லுறாள், தம்பி?” என்று என்னைக் கேட்பார். நான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். பேத்திக்கும் அப்பம்மாவுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளனாக நிற்பது எப்படிப்பட்ட வேலை என்பது, செய்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் பயணத்துக்கு ஐந்து மாதம் முன்பிருந்தே, ஒவ்வொரு பின்னேரமும் இருபது நிமிடம் ரப்லெற்றில் தமிழ் வாசிப்பு என்று ஒழுங்கு வைத்தோம். அந்த இருபது நிமிடமும் நானோ மனைவியோ பக்கத்தில் இருந்தோம். பிள்ளையைத் தனியே விட்டால் கை கார்ட்டூனுக்குத்தான் போகும்.

திருச்சியில் இரண்டாம் நாள், மகள் தானாகவே ரப்லெற்றைக் கொண்டுபோய் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு நரிக் கதையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘பழம்’ என்பதை ‘பலம்’ என்றாள். அம்மா, “அப்பிடி இல்லை குஞ்சு, நாக்கை மடி” என்று வாயைத் திறந்து காட்டினார். அரை மணித்தியாலம் இருவரும் அந்த ஒரு எழுத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை எவரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அம்மா இரவில் சொன்ன கதைகளை ரப்லெற்றில் ஒலிப்பதிவு செய்தோம். வன்னிக் காடு, தேன் எடுக்கப் போவது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாட்டு வண்டில் கட்டிப் போனது என்று பதினொரு பதிவுகள் இருக்கின்றன. இப்போது இங்கு படுக்கப் போகும்போது மகள் அதைத்தான் போடச் சொல்கிறாள். எந்தச் செயலியிலும் வாங்க முடியாத தமிழ்ப் பாடம் அது. ஊரில் பெற்றோர் உயிரோடு இருப்பவர்கள், அவர்களின் குரலைத் தொலைபேசியிலாவது இன்றைக்கே பதிந்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் படிப்பைப் பொறுத்தவரை, பஸ்ஸில் படித்தது வீண் போகவில்லை. லிங்க் வகுப்பில் கேட்பதிலும் பேசுவதிலும் நாலாம் நிலை கிடைத்திருக்கிறது. வாசிப்பில் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறேன். வேலைத்தலத்துப் பாதுகாப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்து, தெரியாத சொற்களைத் தமிழில் எழுதி ஓர் அட்டவணை செய்திருக்கிறேன். இதுவரை 212 சொற்கள். இப்போது என்னோடு வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் அதைத் தங்கள் தொலைபேசியில் வாங்கி வைத்திருக்கிறார்கள். விரல் வெந்த நண்பரும் ஒரு பிரதி கேட்டு வாங்கினார். ஃபோர்க்லிஃப்ட் பரீட்சை அடுத்த மாதம்.

புதிதாக வாங்கப் போகும் குடும்பங்கள், யார் அதை எங்கே வைத்து, எந்த நேரத்தில், என்ன படிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் தாளே பாதி விடையைச் சொல்லிவிடும். வேறு வகைக் கருவிகளைப் பாவித்துப் பலன் கண்டவர்கள் இருந்தால், நீங்களும் இந்தப் பக்கத்தில் எழுதுங்கள். எங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு அது உதவும்.